அங்கே மட்டும் வெளிச்சம்

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் இருக்கிறது திருநாதர்குன்று. மேலே ஏறினால் ஒரு பெரும்பாறை. அதன் முகத்தில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். உச்சி வெயிலில் போய்ப் பாருங்கள், கல்லும் கறையும்தான் முதலில் கண்ணில் படும். நிழல் விழாத நேரத்தில் ஆழமில்லாத சிற்பம் தட்டையாகிப் போகும். இப்போது கைபேசியை எடுத்து அந்தப் பாறைக்கு நேரே பிடியுங்கள். வானம் அதே நீலம். பக்கத்தில் நிற்கும் தோழியின் சுடிதார் அதே மஞ்சள். பாறையின் பழுப்பும் மாறவில்லை. ஆனால் வரிசையில் ஒரே ஓர் உருவம் மட்டும், தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் துலங்கி முன்னே வருகிறது! விரலால் அடுத்ததைத் தொட்டால் முந்தையது கல்லுக்குள் அடங்குகிறது, அடுத்தது எழுகிறது. முதன்முதலில் பார்த்த அன்று நான் கூவியே விட்டேன். இன்றைக்கும் அந்தப் பாறை முன்னால் நின்றால் அதேதான்.

ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முகத்தில் நாய்க்காது முளைக்கிற விளையாட்டுத்தான். நான் சொல்ல வருவது அதில்லை. கேமரா காட்டும் காட்சியில் எந்த இடத்தைத் தொட வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் தொட்டு, மற்றதையெல்லாம் இருந்தபடியே விடுகிற வித்தை. இந்த 'மட்டும்' இருக்கிறதே, அதற்குத்தான் நான் அடிமை.

எனக்குத் தொழில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மாஸ்க் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மணப்பெண் முகத்தைக் கொஞ்சம் தூக்கினால் பட்டுப்புடவையின் அரக்கு வெளுத்துவிடும். அதனால் முகத்துக்குத் தனி மாஸ்க், புடவைக்குத் தனி மாஸ்க், மூக்குத்திக்குச் சின்னதாக ஒன்று. ஓரத்தில் வெட்டுக்கோடு தெரியாமலிருக்க ஃபெதர் கொடுப்போம். ஒரு நல்ல ஆல்பத்தில் எங்கே கை வைத்தோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது. இதெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து, அசையாத படத்தின் மேல் செய்கிற வேலை. அதே வேலையை, நடந்துகொண்டும் சாய்ந்துகொண்டும் இருக்கிற கைபேசியில், நொடிக்கு 30 தடவை, அசையும் காட்சியின் மேல் செய்ய முடியும் என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊர்ப்பக்கம் இப்போது ஏ.ஆர். ஃபிரேம் நன்றாகவே விற்கிறது. சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால், அந்தப் படத்தின் மேலேயே கல்யாண வீடியோ ஓடும். வாங்கிப்போகிறவர்களுக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. ஆனாலும் முழுச் செவ்வகத்தையும் வீடியோவால் மூடிவிட்டால் அடியிலிருக்கும் படம் செத்துவிடுகிறது என்பது என் கட்சி. ஒரு வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்து, ஏதாவது செய்யச் சொன்னார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாகவே அச்சடித்து மாட்டினேன். கைபேசியைக் காட்டினால் பாட்டியின் புடவைக்கு மட்டும் மெல்ல நிறம் ஏறும், அவ்வளவுதான். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை; நிறத்தை அந்தப் பாட்டியே நினைவிலிருந்து சொன்னார். அதைப் பார்த்த அந்த வீட்டாரின் முகத்தை எந்த முழுநீள வீடியோவும் எனக்குத் தந்ததில்லை.

எப்படி நடக்கிறது என்று கேட்டால் விளக்கச் சொன்னதே போதும் என்று உட்கார்ந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில், எந்தப் படத்தை அடையாளம் காண வேண்டுமோ அதைக் கைபேசிக்குக் கொடுத்து வைக்கிறோம். அது படத்தில் மூலை முடுக்குகளையும் நிறம் சட்டென்று மாறும் புள்ளிகளையும் தேடி எடுத்து நினைவில் வைக்கிறது. பிறகு கேமராவில் அதே புள்ளிக்கூட்டம் தென்பட்டால், படம் எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. படம் எங்கே என்று தெரிந்துவிட்டால், அதே சாய்வில் நம் மாஸ்கையும் வளைத்து அதன் மேல் கிடத்தலாம். மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான்: வெள்ளை இருக்குமிடத்தில் மாற்றம் விழும், கறுப்பில் விழாது, சாம்பலில் பாதி விழும். கோலமாவு போட்டுத் தேய்க்கிற துளைத்தட்டைப்போல. துளை உள்ள இடத்தில்தான் மாவு இறங்கும், தட்டை எங்கே வைத்தாலும் தாமரை தாமரையாகவே விழும்.

இதில் என்னை மயக்கியது இன்னொன்று. நான் முன்பே தயார்செய்த படம் எதையும் பாறைமேல் ஒட்டுவதில்லை. கேமரா அந்த நொடியில் பார்க்கும் பாறையையே எடுத்து, மாஸ்க் உள்ள இடத்தில் மட்டும் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டுகிறேன். அதனால் பாறையில் ஒரு பல்லி ஓடினால் பல்லியும் துலங்கும். மேகம் மறைத்தால் உருவமும் மங்கும். உங்கள் கை நிழல் விழுந்தால் நிழலும் தெரியும். பார்ப்பது நிஜம், இப்போது நடப்பது என்ற உறுதி அதிலிருந்து வருகிறது.

இந்த ரசனை எனக்குக் கணினியில் பிறந்ததல்ல. சிங்கவரம் அரங்கநாதர் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே போகிறவள் நான். படியேறிப் போனால் மலையைக் குடைந்த பல்லவர் காலக் குகை. உள்ளே அதே பாறையில் வடித்த, ஏறக்குறைய 24 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாள். ராஜா தேசிங்கு 1714-இல் போருக்குப் புறப்படுமுன் விடைகேட்டு வந்தபோது, போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பெருமாள் இவர்தான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. கருவறை இருட்டில் முதலில் ஒன்றும் பிடிபடாது. பட்டர் தீபத்தைத் திருவடியில் காட்டுவார். திருவடி மட்டும் தெரியும். தீபம் நகர நகர முழங்கால், திருக்கரம், திருமார்பு, கடைசியில் திருமுகம். மொத்தக் குகைக்கும் குழல்விளக்கைப் போட்டுவிட்டால் அந்தப் பெருமாளின் நீளம் இப்படி மனதில் இறங்காது. எதை, எப்போது, எவ்வளவு காட்டுவது என்ற கலையை எனக்குக் கற்றுத்தந்தது அந்தத் தீபம். அங்கே நான் கைபேசியைத் தூக்குவதே இல்லை. பையில் அணைத்து வைத்துவிடுவேன். அந்தச் சன்னிதிக்கு அந்தத் தீபம் போதும். அதைவிட உயர்ந்த எஃபெக்ட் எனக்குத் தெரியாது.

குன்றுக்கு வருவோம். திருநாதர்குன்றில் சிற்பங்களைப்போலவே பெரிய செல்வம் ஒரு கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக வெட்டியது. ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டு. தமிழ் பிராமி மாறி வட்டெழுத்தாக உருவெடுத்துக்கொண்டிருந்த காலத்து எழுத்து என்பதால் எழுத்து வரலாறு படிக்கிறவர்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலம். 57 நாள்! அந்த ஒரு எண்ணுக்காகவே அந்தப் பாறை முன்னால் உட்காரலாம். ஆனால் பாறையின் சொரசொரப்பும் எழுத்தின் கோடும் ஒரே நிறம். பழகாத கண்ணுக்கு எது உளி, எது மழை என்றே பிரிக்க முடியாது.

இப்படிப்பட்ட இடங்களில் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சாக்பீஸை எடுத்து எழுத்துக்குள் தேய்ப்பார்கள். விபூதி, மைதா மாவு, சுண்ணாம்பு என்று எதையும் விட்டதில்லை. அப்போதைக்கு எழுத்து தெரியும். ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேல்தோல் தளரும். தவறான கோட்டில் சாக்பீஸ் ஓடிவிட்டால் அடுத்து வருகிறவர் அந்தத் தவறையே படிப்பார். கல்வெட்டு அறிஞர்கள் மைப்படி எடுப்பது வேறு விஷயம். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையொற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் வரும். அது கைதேர்ந்தவர்கள் வேலை. வருகிறவர் போகிறவர் எல்லாம் செய்யக்கூடாது.

ஏ.ஆர். மாஸ்க் இந்த இடத்தில்தான் வரம். எழுத்தின் பள்ளத்தை மட்டும் மாஸ்காக வரைந்து, திரையில் அந்தக் கோடுகளுக்கு மட்டும் வெள்ளை ஏற்றினால், சாக்பீஸ் போட்டதுபோலவே துல்லியமாக நிற்கிறது. பாறையில் ஒரு துகள்கூடப் படவில்லை! விரலை இடம் வலமாக நகர்த்தினால் வெள்ளை கூடும், குறையும். முழுவதும் குறைத்தால் வெறும் பாறை. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவரோடு 'இந்தக் கோடு எழுத்தா, விரிசலா' என்று சண்டையும் போடலாம். சாக்பீஸ் போட்ட கல்வெட்டில் இந்தச் சண்டைக்கே வழியில்லை.

ஒருநாள் குன்றில் ஆடு மேய்க்கும் ஓர் ஆயா அருகில் வந்தார்.

"என்னா கண்ணு, செல்லுல போட்டா புடிக்கிறியா?"

"இல்ல ஆயா, இப்படி வந்து பாருங்க."

கைபேசியை அவர் கையிலேயே கொடுத்தேன். சிற்ப வரிசையில் ஒன்றைத் தொட்டுக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இத்தினி வருசமா இங்கதான் ஆடு ஓட்டறேன். இந்தச் சாமிக்கு இம்மாம் அழகா காது இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். அடுத்து அவர் செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாறையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இப்ப செல்லு இல்லாமயே தெரியுது கண்ணு!"

ஆமாம், தெரியும்! ஒருமுறை கோட்டைப் பிடித்துக்கொண்ட கண் பிறகு விடாது. நான் இந்த வித்தையைக் கொண்டாடுவதற்கு முதல் காரணம் இதுவே. திரையில் பார்த்ததோடு வேலை முடிவதில்லை. திரை கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பாறை முழுவதையும் பளபளப்பாக்கி, பின்னால் ஒளிவட்டம் சுழலவிட்டிருந்தால் ஆயா 'நல்லா கீது' என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போயிருப்பார். காதை மட்டும் காட்டியதால்தான் காதைப் பார்த்தார்.

செஞ்சிக்குச் சற்றுத் தள்ளி மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நயினார் என்றழைக்கப்படும் சமணக் குடும்பங்கள் பல உண்டு. அப்படி ஒரு நயினார் பெரியவரைக் குன்றுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். உருவங்களுக்குத் தங்க நிறம் ஏற்றலாமா என்று கேட்டேன். "பகவானுக்கு மினுக்கு வேண்டாம்மா. உருவம் தெரிஞ்சாப் போதும். அவங்க எல்லாத்தையும் வேண்டாம்னு விட்டவங்க" என்றார். அதற்குமேல் எனக்கு வடிவமைப்புப் பாடம் யார் நடத்த முடியும்? கல்லின் நிறத்திலேயே, கல்லின் நிழலை மட்டும் ஆழப்படுத்துவது என்று அன்று முடிவானது. ரிஷபர் முதல் மகாவீரர் வரை 24 பெயர்களையும் அவர் வரிசை மாறாமல் சொல்லச் சொல்ல, நான் திரையில் ஒவ்வோர் உருவமாகத் தொட்டுக்கொண்டே போனேன். அந்த மாலை என் வாழ்நாளின் மிகச் சிறந்த மாலைகளில் ஒன்று.

இனித் தொழில்நுட்ப ஆர்வலர்களுக்காகக் கொஞ்சம். கூகுளின் ஏ.ஆர்.கோர் வழிகாட்டியில், அடையாளப் படம் குறைந்தது 300க்கு 300 பிக்சல் இருக்க வேண்டும், 100-க்குக் குறைந்தது 75 தர மதிப்பெண் வாங்குவது நல்லது, முதலில் கண்டுகொள்ள அந்தப் படம் கேமராக் காட்சியில் கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. ஒரே மாதிரி உருவம் திரும்பத் திரும்ப வந்தால் கைபேசி குழம்பும். 24 உருவங்களும் ஏறக்குறைய ஒரே சாயல், என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டேதான் போனேன். கைகொடுத்தது எது தெரியுமா? கறை! மழைநீர் வழிந்த கறுப்புத் தடம், பாசி காய்ந்த திட்டு, பாறையின் விரிசல். இவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. சிற்பத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கும் அதே கறையைப் பிடித்துக்கொண்டுதான் கைபேசி சிற்பத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

வெயில் நகர்ந்தால் நிழல் மாறும், நிழல் மாறினால் புள்ளிகள் மாறும். அதனால் ஒரே பாறைக்குக் காலைப் படம், உச்சிப் படம், மாலைப் படம் என்று தனித்தனியாக எடுத்து மூன்றையுமே கைபேசிக்குக் கொடுத்திருக்கிறேன். மாஸ்க் ஒன்றுதான். எந்தப் படம் பொருந்தினாலும் அதே இடத்தில் போய் உட்காரும். வெளிச்சத்தை விரிக்கும்போது காட்சி முழுவதற்கும் ஒரே அளவாக விரித்தால் வெள்ளைப் பகுதி வெந்துபோகும். சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதற்குத் தகுந்தபடி விரிக்கிற முறைதான் கல்லுக்குச் சரி.

பாறைக்கு முன்னால் யாராவது குறுக்கே நடந்தால் மாற்றம் அவர் சட்டையிலும் விழும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம், வேண்டுமென்றே குறுக்கே வருவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஆள் உருவத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் நிரல் இப்போது சாதாரணக் கைபேசியிலேயே ஓடுகிறது. ஆப்பிள் 2019-இல் தன் ஏ.ஆர். கருவியில் இதைச் சேர்த்தது, கூகுளின் மீடியாபைப்பில் பிரவுசரிலேயே ஓடும் வடிவம் இருக்கிறது. ஆள் இருக்கும் இடத்தை மாஸ்கிலிருந்து கழித்துவிட்டால் போதும். பிள்ளை பாறைக்கு முன்னால் பிள்ளையாகவே நிற்பான், அவன் தோளுக்குப் பின்னால் தீர்த்தங்கரர் துலங்குவார். இதை முதலில் ஓட்டிக் காட்டியபோது ஒரு பெண் குழந்தை, "அக்கா, சாமி எனக்குப் பின்னாடி வந்துட்டாரு!" என்று குதித்தாள்.

பனைமலையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. பல்லவன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. அதன் துணைச் சன்னிதி ஒன்றின் சுவரில், குடைக்குக் கீழே முடிதரித்து, ஒசிந்து நிற்கும் உமையின் ஓவியம். நாட்டில் எஞ்சியிருக்கும் பல்லவ ஓவியங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்று எங்கள் மாவட்டத்தில், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது! உமைக்கு எதிரே ஆடிய சிவனின் பகுதி பெரிதும் உதிர்ந்து, மங்கிய தடங்களாக நிற்கிறது.

ஓவியத்துக்கு வெளிச்சத்தை விரிப்பது போதாது, நிறத்தை விரிக்க வேண்டும். பாறை ஓவிய ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் டி-ஸ்ட்ரெட்ச் என்ற கருவி இருக்கிறது. ஜான் ஹார்மன் என்ற அமெரிக்கர் 2005 வாக்கில் உருவாக்கியது. அதன் அடிப்படைக் கணக்கு முதலில் வானிலிருந்து எடுத்த நிலப்படங்களுக்காகப் பயன்பட்டது. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் நிறங்களை அவை எந்தத் திசையில் ஒட்டிக்கிடக்கின்றன என்று பார்த்து, அந்தத் திசையிலிருந்து பிரித்து இழுக்கும். கண்ணுக்கு ஒரே பழுப்பாகத் தெரியும் சுவரில், செங்காவி தனியாகக் கழன்று வரும். கீழ்வாலை, செத்தவரை என்று எங்கள் விழுப்புரம் பக்கத்துப் பாறைகளில் பழைய மனிதர்கள் காவியில் தீட்டிப்போன உருவங்களுக்கு இப்படியொரு கருவிக்கு மேல் வேறு நண்பன் கிடையாது.

இந்தக் கணக்கைக் கைபேசியில் நேரடியாக ஓட்ட முடியுமா என்று கேட்டால், ஓட்ட முடியும்! கடினமான பகுதியை ஒருமுறை செய்தால் போதும். அதன் முடிவு வெறும் ஒன்பது எண்கள் கொண்ட ஒரு சிறு கட்டமும் கொஞ்சம் திருத்தமும்தான். பிறகு ஒவ்வொரு பிக்சலையும் அதனால் பெருக்குவது கைபேசிக்குத் தூசு. பனைமலை ஓவியத்தின் படத்தை மேட் காகிதத்தில் பெரிதாக அச்சடித்து என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கிளாஸி காகிதம் கூடவே கூடாது, குழல்விளக்கு அதில் பளிச்சிட்டுப் புள்ளிகளைத் தின்றுவிடும். கைபேசியைக் காட்டினால் உமை அப்படியே இருப்பாள். எதிர்ப்பக்கத்துத் தடங்களில் மட்டும் செங்காவி எழும். ஒரு வளைவு. ஒரு விரல் நுனி போன்ற ஒன்று. ஆல்பம் வாங்க வந்தவர்கள் ஆல்பத்தை மறந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இங்கே நான் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரி. உதிர்ந்துபோன இடத்தைச் செயற்கை நுண்ணறிவை வைத்து நிரப்பிக்கொடு என்று கேட்கிறார்கள். முழுச் சிவனையும் ஆடவைக்கச் சொல்கிறார்கள். செய்யமாட்டேன். கேமரா பார்த்ததைப் பெரிதாக்கிக் காட்டலாம், பார்க்காததைச் சேர்க்கக்கூடாது. அறிஞர் ஒருவர் தன் ஊகத்தை வரைந்து தந்தால், அதை வேறு நிறத்தில், புள்ளிக்கோட்டில், 'இது ஊகம்' என்ற சொல்லோடு காட்டலாம். மாஸ்கின் எல்லை கோடுபோலத் தெரியாமல் ஃபெதர் செய்வது கல்யாண ஆல்பத்துக்கு அழகு. இங்கே நேர்மாறு: ஊகத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே எல்லை பளிச்சென்று தெரிய வேண்டும். இவ்வளவு அருமையான கருவி நம் கையில் கிடைத்திருக்கும்போது அதைப் பொய் சொல்ல விடலாமா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி! அன்று ஊரே இனிப்பு சாப்பிட்டது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் சேர்த்துக் கட்டிய கோட்டையைப் பார்க்க இனி உலகமே வரப்போகிறது. வருகிறவர்களுக்குக் கோட்டைச் சுவரில் எங்கே மராத்தியர் வேலை, எங்கே நாயக்கர் வேலை என்று அந்தந்த அடுக்கை மட்டும் துலக்கிக் காட்டலாம். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டலாம். சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்களையும் இதயங்களையும் திரையில் மட்டும் அடக்கி, கல்லைக் கல்லாகக் காட்டலாம். தேவையற்றதை மறைக்கும் இந்த வேலையும் அதே மாஸ்க்தான், தலைகீழாகப் போட்டது. இத்தனையும் கிராமத்துக் கல்லூரிப் பிள்ளைகள் செய்யக்கூடியவை. மைண்ட்-ஏ.ஆர். என்ற திறந்த மூல நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. செயலி எதுவும் பதிவிறக்க வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும். படத்தில் மாஸ்க் வரையத் தெரிந்தவர்கள் நம் ஊர் போட்டோ கடைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்கு நிரல் எழுதத் தெரிந்த ஒரு தம்பியோ தங்கையோ துணை சேர்ந்தால் போதும்.

செஞ்சி வட்டாரப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்து வரும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் திருநாதர்குன்றுக்கும் கூட்டி வாருங்கள். முடிந்தால் மேலச்சேரிக்கும் போங்கள். மலையைக் குடைந்து, லிங்கத்தையும் அதே பாறையில் வடித்த பல்லவர் காலச் சிவன் குகை அது. அங்கேயுள்ள கல்வெட்டு இந்தப் பக்கத்தைச் சிம்மபுரம் என்கிறது. கேமராவுக்கு ஸ்டாண்டு, தனி விளக்கு என்று கொண்டுவருவதானால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். கைபேசி மட்டும் என்றால் கையில் பிடித்தே எல்லாம் செய்யலாம். குன்றின் கீழேயே பிரவுசரில் ஏ.ஆர். பக்கத்தைத் திறந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னலை நம்ப வேண்டாம். வெயிலில் திரை தெரியாது, ஒரு குடை கட்டாயம். சார்ஜ் முழுதாக இருக்கட்டும். கேமராவும் கணக்கும் சேர்ந்து ஓடினால் கைபேசி சூடாகும், பேட்டரி மளமளவென்று இறங்கும். காலையில் சீக்கிரமோ மாலையிலோ வந்தால் சாய்வெயில் பாதி வேலையைச் செய்துவிடும். சாக்பீஸை மட்டும் பள்ளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.